கெர்னல் மூலநிரலை மாணவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) பாடம் நடத்துகிறவர்களும் படிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளில், உரிமம் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். கெர்னல் என்பது ஓஎஸ்ஸின் மையப் பகுதி; பிராசஸரையும் மெமரியையும் புரோகிராம்களுக்குப் பங்கிட்டுத் தருவது அதுதான். கோடு என்று நான் சொல்வது, புரோகிராமர் எழுதிய மூலநிரலை. நான் இந்தப் பாடத்தை நீண்ட காலம் நடத்தியவன், வழக்கறிஞன் அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்தால், கல்லூரியின் வழக்கறிஞரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சார், எங்கள் கல்லூரியில் ஓஎஸ் பாடம் முழுக்க போர்டில் படம் போட்டே ஓடுகிறது. மாணவர்களுக்கு நிஜமான கெர்னல் கோடைக் காட்ட ஆசை. யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
– உதவிப் பேராசிரியர், பண்ருட்டி

யாரிடமும் வாங்க வேண்டாம். எக்ஸ்வி6 எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம், வகுப்பில் நடத்துவதற்கென்றே 2006இல் எழுதிய, யூனிக்ஸ் என்ற பழைய ஓஎஸ்ஸின் வகையைச் சேர்ந்த சின்ன ஓஎஸ் அது. எம்ஐடி உரிமத்தில் வெளியாகியிருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கலாம், மாற்றி எழுதலாம், பென் டிரைவில் போட்டு வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம். பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் மட்டும் நீக்கிவிடக் கூடாது.

லேபில் பழைய கம்ப்யூட்டர்தானே என்று தயங்க வேண்டாம். வேறொரு கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் கியூஎமு என்ற எமுலேட்டர் புரோகிராமுக்குள்ளேயே ஓடும். இப்போதைய பதிப்பு ரிஸ்க்-5 பிராசஸருக்கானது. நம் சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸரும் அதே குடும்பம்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மூலநிரலை முன்கூட்டியே இறக்கி லேப் மெஷினில் வைத்துவிடுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு கடலூர்ப் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களை நாம் மறக்கவில்லை. உரிமம் இடம் கொடுப்பதால், ஒரு பிரதியை அச்சடித்தும் அலமாரியில் வைக்கலாம்.

நானும் படம் பார்த்தே படித்தவன். ஒரு ப்ராசஸிலிருந்து (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) இன்னொன்றுக்குத் தாவுவது எனக்கு வெறும் அம்புக்குறியாகத்தான் இருந்தது. ஒன்றின் ரெஜிஸ்டர்களை (பிராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்) சேமித்து அடுத்ததன் ரெஜிஸ்டர்களை ஏற்றுகிற அந்தச் சில வரிகளைக் கோடில் பார்த்த அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. உங்கள் மாணவர்கள் அதற்காகப் பல வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஐயா, அந்தக் காலத்தில் யூனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்குச் சும்மா கொடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம்

பாதி உண்மை. விலை சொற்பம், ஆனால் உரிமம் உரிமம்தான். யூனிக்ஸ் பிறந்தது அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் பெல் லேப்ஸில், 1969இல். அந்த நிறுவனம் தொலைபேசித் தொழிலைத் தாண்டி வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று 1956லேயே அரசோடு ஒரு நீதிமன்ற உடன்பாடு இருந்தது. அதனால் யூனிக்ஸைச் சரக்காக விற்க முடியவில்லை. கேட்ட பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு மலிவாக உரிமம் கொடுத்தது.

1975இல் யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் அதன் கெர்னலை வரி எண் போட்டு அச்சடித்து, கூடவே ஒரு உரை எழுதினார். மூலமும் உரையுமாகப் படிப்பது நமக்குப் பழகிய வழிதானே? ஒரு கெர்னலுக்கு அதையே செய்தார் அவர். சுமார் ஒன்பதாயிரம் வரி. ஒரு பருவத்தில் ஒரு மாணவர் முழுசாகப் படித்து முடிக்கிற அளவு.

1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பில் நடத்தக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதிவிட்டார்கள். இந்த இடம் எனக்கு இன்றும் வலிக்கிறது. பல்கலைக்கழகத்திடம் கோடு இருக்கும், ஆசிரியர் படிக்கலாம், ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம்; மாணவருக்குச் சொல்லித்தர மட்டும் கூடாது! லயன்ஸின் உரை ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸாக உலகம் சுற்றியது. முறையாகப் புத்தகமாக வெளிவர 1996 ஆகிவிட்டது.

அந்தத் தடையால்தான் ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் உட்கார்ந்து, ஏடி அண்ட் டியின் ஒரு வரிகூட இல்லாமல், யூனிக்ஸைப் போன்ற மினிக்ஸ் என்ற சின்ன ஓஎஸ்ஸை எழுதினார். 1987இல் பாடநூலோடு வந்தது. அதை வாங்கிப் பழகிய ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார்.

பழைய யூனிக்ஸ் பதிப்புகளை, பின்னாளில் உரிமை கைக்கு வந்த கால்டெரா நிறுவனம் 2002 ஜனவரியில் திறந்துவிட்டது. அதே ஆண்டு எம்ஐடி ஒரு வகுப்பை ஆறாம் பதிப்பையும் லயன்ஸ் உரையையும் வைத்தே ஆரம்பித்தது. அந்தக் கோடு ஓடிய பிடிபி-11 கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு அந்நியமாக இருந்ததால் புதிதாக எழுதியதுதான், நான் மேலே சொன்ன எக்ஸ்வி6.

எக்ஸ்வி6-க்குத் தமிழில் விளக்கம் எழுதி மாணவர்களுக்குக் கொடுக்கலாமா?
– விரிவுரையாளர், லாஸ்பேட்டை

எழுதுங்கள், தயவுசெய்து எழுதுங்கள். கோடை மேற்கோளாகப் போட்டு, உங்கள் சொந்த வார்த்தையில் விளக்க எந்தத் தடையும் இல்லை. எம்ஐடி ஆசிரியர்களே எழுதிய விளக்க நூலை மொழிபெயர்ப்பது வேறு விஷயம். அதற்கு அவர்களிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

சார், நண்பன் ஒருவன் விண்டோஸ் எக்ஸ்பி சோர்ஸ் கோடு வைத்திருக்கிறான். படிக்க மட்டும்தான், தப்பா?
– மூன்றாம் ஆண்டு மாணவர், நெல்லிக்குப்பம்

வேண்டாம் தம்பி. அது 2020இல் கசிந்த கோடு. யாரும் உனக்கு உரிமம் கொடுக்கவில்லை. தண்டனை வருமா வராதா என்பதைவிட உன் எதிர்காலத்தை யோசி. விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டுவதற்காகச் சொந்தமாக எழுதப்படும் ஒயின், ரியாக்ட்ஓஎஸ் போன்ற திட்டங்கள், கசிந்த கோடைப் பார்த்தவர்களைச் சேர்ப்பதில்லை. நீ பிறகு சொந்தமாக எழுதுவதையும் பார்த்து எழுதியதாகச் சந்தேகிப்பார்கள்.

மைக்ரோசாஃப்ட்டே முறையாகக் கொடுத்தது இருக்கிறது. அவர்களுடைய பழைய ஓஎஸ்ஸான எம்எஸ்-டாஸின் 1.25, 2.0 பதிப்புகள் இரண்டும் 2018இலும் 4.00 2024இலும் எம்ஐடி உரிமத்தில் வந்துவிட்டன. கல்விக்கென்று 2006இல் விண்டோஸ் ரிசர்ச் கெர்னல் என்று ஒன்றையும் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தார்கள். வகுப்பில் பயன்படுத்தலாம், வெளியே பரப்பவோ வியாபாரத்துக்கு எடுக்கவோ கூடாது என்ற வகை உரிமம். நல்ல முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் மாணவர் அதன்மேல் எதையும் கட்டி ஊருக்குக் காட்ட முடியாது. நான் அதைப் பாடத்துக்குத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பிஎச்.டி.க்காக லினக்ஸ் ஷெட்யூலரை (எந்தப் புரோகிராம் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி) மாற்றியிருக்கிறேன். கோடை வெளியிட்டே ஆக வேண்டுமா?
– ஆராய்ச்சி மாணவி, காலாப்பட்டு

கட்டாயம் இல்லை. லினக்ஸ் கெர்னலின் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. உங்கள் லேபுக்குள் எவ்வளவு மாற்றி ஓட்டினாலும் அது எதுவும் கேட்காது. மாற்றிய கெர்னலை வேறொருவருக்குக் கொடுக்கும்போதுதான் கடமை பிறக்கிறது. உதாரணமாக, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலைக்குச் சோதனைக்காகக் கம்பைல் செய்த (கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிய) கெர்னலைக் கொடுத்தால், அதன் மூலநிரலையும் ஜிபிஎல்லின் கீழேயே கொடுக்க வேண்டும். ஆய்வேட்டில் முடிவுகளை எழுதுவது அதில் சேராது. கெர்னலுக்கு மேலே சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) வழியாக ஓடும் சாதாரண புரோகிராமுக்கு ஜிபிஎல் ஒட்டாது என்று கெர்னலோடு வரும் உரிமக் குறிப்பே சொல்கிறது.

இருந்தாலும் வெளியிடுங்கள். அடுத்து அதே லேபுக்கு வருகிற மாணவிக்கு உங்கள் வரைபடத்தைவிட உங்கள் கோடுதான் உதவும்.

எங்கள் மாணவர்கள் சேர்ந்து ஒரு சின்ன ஓஎஸ் எழுதியிருக்கிறார்கள். எந்த உரிமம் போடலாம்? கல்லூரி பெயரிலா, பிள்ளைகள் பெயரிலா?
– துறைத் தலைவர், வில்லியனூர்

முதலில் இரண்டாவது கேள்வி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி (1957), எழுதியவரே முதல் உரிமையாளர். வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை கொடுத்தவருக்குப் போகும். மாணவர் உங்கள் ஊழியர் அல்ல. ஆகவே எழுத்தில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை பிள்ளைகளுக்கே. எழுதிய ஒவ்வொருவரின் சம்மதத்தையும், அவர்கள் படித்து முடித்துப் போவதற்குள், கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். வேலை கிடைத்து ஆளுக்கொரு ஊர் போன பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

உரிமத்துக்கு வருவோம். எம்ஐடி, பிஎஸ்டி வகை உரிமம் போட்டால் யாரும் எடுத்து எதிலும் வைத்துக்கொள்ளலாம். மினிக்ஸுக்கு அதுதான் நடந்தது: பிஎஸ்டி உரிமத்தில் இருந்ததால் இன்டெல் தன் சிப்புகளுக்குள் அதை வைத்தது, டானன்பாமுக்கு அந்தச் செய்தி 2017இல்தான் தெரிந்தது. உரிமப்படி அதில் தவறில்லை. வாங்கி மாற்றிக் கொடுப்பவரும் திறந்தே கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் ஜிபிஎல் போடுங்கள். பாடத்துக்கான சின்ன ஓஎஸ் என்றால் என் கை எம்ஐடி பக்கம்தான் போகும்; பக்கத்துக் கல்லூரிக்காரர் யோசிக்காமல் எடுத்து நடத்துவார்.

எதைப் போட்டாலும் இன்றைக்கே போடுங்கள். உரிமமே இல்லாமல் இணையத்தில் கிடக்கும் கோடை யாரும் சட்டப்படி தொட முடியாது. முதல் ஃபோல்டரிலேயே உரிம வாசகம், ஆண்டு, அதற்குக் கீழே பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயர்.