பெஞ்சில் யார் இருக்கிறார்? மதுரைக் கால்பந்து ரசிகர்களுக்குப் பதில்கள்

சீசன் நெருங்கினால் என்னிடம் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். மதுரையில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். அதற்கு முன் மாவட்ட அணியில் டிஃபென்ஸில் ஆடினேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நம்ம ஊர் பெண்கள் அணியான சேது எஃப்சி பற்றியும், ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் 'சென்னையின் எஃப்சி' (கிளப் பெயரே 'சென்னையின்'தான்) பற்றியும்தான். எல்லாருக்கும் ஒரே கவலை: யாரை எடுக்கிறார்கள், யாரை விடுகிறார்கள். சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அனுப்பானடியிலிருந்து: அண்ணே, நல்லா கோல் போடுற பிள்ளைங்க எல்லாம் ஒரு சீசன் முடிஞ்சதும் வேற கிளப்புக்குப் போயிடுறாங்க. இப்படியே போனா சேது எஃப்சி மறுபடியும் கோப்பை எடுக்குமா?

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது தம்பி, ஏற்கெனவே நடந்ததுதான். 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைத் தூக்கியது. தமிழ்நாட்டிலிருந்து அந்தக் கோப்பையை வென்ற முதல் கிளப் நம்ம மதுரை கிளப். அந்த அணியில் நேபாளத்து ஸ்ட்ரைக்கர் சபித்ரா பண்டாரி இருந்தார். அடுத்த சீசனில் அவர் கோகுலம் கேரளா கிளப்புக்குப் போனார். அரையிறுதியில் சேது தோற்றது அதே கோகுலத்திடம். இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் கோகுலத்துக்கு வெற்றி கோலை அடித்தவரும் சபித்ராதான். அன்றைக்கு எனக்கும் மனசு ஆறவில்லை.

ஆனால் 2022-ஐயும் சேர்த்துப் பாருங்கள். புவனேஸ்வரில் ஏப்ரல், மே மாதங்களில் 12 அணிகள் ஆடிய லீக். முதல் 10 ஆட்டத்திலும் சேது ஜெயித்தது. கோகுலமும் 10-க்கு 10. கடைசி ஆட்டமே இந்த இரண்டு அணிகளுக்கும் நடுவில்தான். கோல் வித்தியாசத்தில் முன்னால் இருந்ததால் அவர்களுக்கு டிரா போதும், நாம் ஜெயித்தே ஆக வேண்டும். ஆரம்பத்திலேயே நாம் கோல் போட்டோம், அப்புறம் மூன்று வாங்கி 3-1 என்று தோற்றோம். தோல்வியை விடுங்கள். சபித்ரா போன பிறகு, வேறு ஆட்களை வைத்துக்கொண்டு பத்து ஆட்டம் வரிசையாக ஜெயித்த அணி அது. ஒருவர் போனதோடு எல்லாம் போய்விடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறு வாரத்துக்குள் 11 ஆட்டம், அதுவும் ஒடிசா வெயிலில். நம்ம மதுரை சித்திரை வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கே அது கஷ்டம். அந்த வெயிலில் 11 பேரை வைத்துக்கொண்டு 11 ஆட்டம் ஆட முடியாது. அதனால் அணிப் பட்டியல் வரும்போது முதல் பதினொரு பேரோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டாவது ஆள் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். லெஃப்ட் பேக் (இடது ஓரத்து டிஃபெண்டர்), நடுவில் பந்தைப் பறிக்கிற மிட்ஃபீல்டர், இந்த இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் தாள் காலியாக இருக்கும். அங்கே ஆள் இல்லை என்றால் பயப்படுங்கள்.

கிளப் மாறிப் போகிற பிள்ளைகளைத் திட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பெண்கள் கால்பந்தில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான் போடுகிறார்கள். விளையாடக் கிடைக்கிற வருஷங்களும் குறைவு. கூடுதலாகக் கொடுக்கிற இடத்துக்குப் போவது அவர்கள் உரிமை.

திருமங்கலத்திலிருந்து: வெளிநாட்டு வீராங்கனை எடுப்பதாக இருந்தால் ஸ்ட்ரைக்கர்தானே எடுக்க வேண்டும்?

என் கருத்து வேறு. கோல் போடுகிறவர் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறார், அதனால் எல்லா கிளப்பும் அவரையே தேடுகிறது, விலையும் ஏறுகிறது. அதே காசில் நல்ல சென்டர் மிட்ஃபீல்டர் ஒருவரை எடுத்தால் பக்கத்தில் ஆடும் நம்ம பிள்ளைகள் இரண்டு பேரின் ஆட்டமும் உயரும். பயிற்சியில் தினமும் அவருக்கு எதிரே நின்று ஆடுவதே அவர்களுக்குப் பாடம்.

ஆனால் ஒரு விஷயம். வெளிநாட்டு ஆட்கள் சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது வந்து இறங்கினால், யாராக இருந்தாலும் முதல் மூன்று ஆட்டம் வீண்தான். எந்தத் தேதிக்கு வந்து சேர்ந்தார் என்று பாருங்கள். பெயரைவிட எனக்கு அந்தத் தேதி முக்கியம்.

காரைக்குடியிலிருந்து: சிவசக்தி நாராயணன் எங்க பக்கத்துக் கண்டனூர் பையன். பெங்களூருக்கு ஆடுறான். நம்ம தமிழ்நாட்டு அணியில நம்ம பசங்க ஏன் அதிகமா இல்ல? சென்னையின் இதை யோசிக்காதா?

சிவசக்தி பெயரைச் சொன்னதும் எனக்குச் சந்தோஷம். சிவகங்கைச் சீமையிலிருந்து போய், 2022-23 ஐஎஸ்எல் சீசனின் சிறந்த வளரும் வீரர் விருதை வாங்கிய பையன். அவனைப் பார்த்துப் பந்து எடுத்த பிள்ளைகள் என்னிடமே இருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். நம்ம ஊர் பையன் நம்ம அணியின் பட்டியலில் இருப்பது முக்கியமா, எங்கேயாவது வாரா வாரம் மைதானத்தில் இருப்பது முக்கியமா? இருபது வயதில் ஒரு பையனுக்குத் தேவை ஆட்ட நிமிடங்கள். சொந்த ஊர் ஜெர்சி போட்டுக்கொண்டு பெஞ்சில் ஒரு சீசன் உட்கார்ந்தால், அந்த ஒரு வருஷத்தை அவன் திரும்பப் பெறவே முடியாது. நந்தகுமார் சேகரைப் பாருங்கள். சென்னைப் பையன். ஒடிசாவுக்குப் போய், அப்புறம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. ஒரே ஊர்க்காரர்களான மோகன் பகானுடன் ஆடும் டெர்பியில் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்த அணி அது. கொல்கத்தாவில் அந்தப் பெயரை இன்றைக்கும் மறக்க மாட்டார்கள்.

அதனால் சென்னையின் நிர்வாகத்திடம் நான் கேட்பது "எத்தனை தமிழ்ப் பையன்கள் எடுத்தீர்கள்" என்று அல்ல. எடுத்தவர்களுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள் என்பதுதான். திறமை இங்கே இல்லை என்று யாராவது சொன்னால் பெண்கள் பக்கம் கையைக் காட்டுங்கள்: 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப்பை வென்றது தமிழ்நாடு.

கே.புதூரிலிருந்து: சாம்பியன் ஆன அணியை அப்படியே வைத்துக்கொள்வதுதானே பாதுகாப்பு? எதற்கு மாற்ற வேண்டும்?

சென்னையின் ரசிகர்களுக்கு இதற்கு விடை உடம்பிலேயே இருக்கிறது. 2018 மார்ச் 17, பெங்களூரில் பெங்களூரு எஃப்சியோடு ஐஎஸ்எல் இறுதிப் போட்டி. அவர்களின் சுனில் சேத்ரி முதலில் கோல் போட்டார். அப்புறம் சென்னையின் அணிக்கு மெயில்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று, 3-2. இரண்டாவது முறையாகக் கோப்பை. அடுத்த சீசனில் அதே அணி 10 அணிகளில் 10-வது இடம், மொத்தம் 9 புள்ளி.

கோப்பை அணியில் பெரும்பாலானவர்கள் இருந்தார்கள். ஆனால் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் வெளியே போனார். நடுக்களத்தில் எதிரியின் பந்தைப் பறித்து, நம்ம ஆளிடம் கொடுத்துவிட்டு, மறுபடி ஓடி வந்து நிற்கிற வேலை அவருடையது. அந்த வேலை டிவியில் பெரிதாகத் தெரியாது. இல்லாமல் போகும்போதுதான் தெரியும். டிஃபென்ஸில் செரெனோவும் போயிருந்தார். ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது, ஆனால் நடுவில் விழுந்த அந்த ஓட்டையை அந்த சீசன் முழுக்க அடைக்க முடியவில்லை என்பது என் கணிப்பு.

செல்லூரிலிருந்து: மூன்று கோல்கீப்பர் எதற்கு அண்ணே? அந்த இடத்தில் ஒரு ஃபார்வர்டு எடுக்கலாமே?

கூடாது. நான் மாவட்ட அணியில் ஆடும்போது ஒரு வெளியூர் டோர்னமென்ட்டுக்கு ஒரே கீப்பரோடு போனோம். இரண்டாவது ஆட்டத்தில் அவர் விரல் முறிந்தது. டிஃபெண்டரான நான் கையுறை போட்டு நின்றேன். நான்கு கோல் வாங்கினோம், அதில் இரண்டு கையில் பட்டுப் போனவை. பயிற்சியிலும் கீப்பருக்குக் கீப்பர்தான் துணை.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஒரு கிளப் செலக்ஷனில் ரிசர்வ் ஆட்களில் ஒருத்தியாகத் தேர்வாகியிருக்கிறாள். வெளியூரில் தங்க வேண்டும். பெஞ்சில் உட்கார்வதற்காக அனுப்புவதா, படிப்பைப் பார்ப்பதா என்று வீட்டில் தினமும் சண்டை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.

அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். நாங்கள் ரசிகர்கள் பட்டியலைப் பார்த்துப் பேசிவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பட்டியலின் இருபத்து மூன்றாவது பெயருக்குப் பின்னால் ஒரு வீடே தூங்காமல் இருக்கிறது.

முதலில், ரிசர்வ் என்பது சின்ன விஷயம் இல்லை. இப்போது ஒரு ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம். வெயில், காயம், இந்திய அணி முகாமுக்கு ஆள் போவது என்று சீசன் நடுவில் இடம் திறந்துகொண்டே இருக்கும். ரிசர்வில் இருந்து போன பிள்ளைகள்தான் பாதிப் பேர் மேலே வந்திருக்கிறார்கள்.

ஆனால் அனுப்பும் முன் கோச்சிடம் நேரில் போய்ச் சில விஷயம் கேளுங்கள். மகளை எந்த இடத்தில் ஆட வைக்க நினைக்கிறார்கள்? அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் எத்தனை பேர்? ஒருவர் என்றால் அனுப்பலாம். மூன்று பேர் என்றால் இந்த வருஷம் வேண்டாம், உள்ளூரிலேயே ஆடட்டும். பயிற்சிக்கு முன் ஒழுங்கான வார்ம்அப் செய்கிறார்களா, பிசியோ இருக்கிறாரா என்றும் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முழங்காலின் ஏசிஎல் நார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். கிழிந்தால் திரும்பி வரக் குறைந்தது ஒன்பது மாதம். இருபது நிமிடம் செய்கிற ஃபிஃபா 11+ பயிற்சி அந்த ஆபத்தை நன்றாகவே குறைக்கிறது. அதைப் பற்றிக் கேட்டதும் கோச்சுக்குத் தெரியவில்லை என்றால் எனக்குத் தயக்கம்தான்.

ஒப்பந்தத் தாளை வீட்டுக்கு வாங்கி வந்து படித்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மகளுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பொதுத்தேர்வுக்கு விடுவார்களா என்பதை அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது சீசன் நடுவில் மறந்துபோகும். அணியில் இடம் கொடுக்க உங்களிடம் பணம் கேட்டால், அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

படிப்பா பந்தா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார், சேது எஃப்சிக்கும் ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறார். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்குச் சான்றிதழ்கள் வேண்டும், அந்தந்த வேலைக்கான படிப்பும் வேண்டும். மகளின் ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் இன்றைக்கே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வீட்டில் சண்டை வேண்டாம். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

மேலூரிலிருந்து: பயிற்சி ஆட்டங்களில் தோற்றால் கவலைப்பட வேண்டுமா?

ஸ்கோரைப் பார்க்காதீர்கள். கடைசி இருபது நிமிடத்தில் யார் ஓடுகிறார்கள், யார் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

மேலூரிலிருந்தே இன்னொருவர்: எங்க ஊர் செவன்ஸ் (ஏழு பேர் ஆடுற கால்பந்து) அணிக்கு நான் கேப்டன். பத்து வருஷமா எங்களுக்காக ஆடின அண்ணன் ஒருத்தருக்கு இப்ப வேகம் இல்ல. பொங்கல் டோர்னமென்ட்டுக்கு அவரை எடுக்காம விட்டா ஊரே கோவிச்சுக்கும். என்ன செய்ய?

பட்டியலை ஒட்டுகிற நாளில் அவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதே தம்பி. அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. எனக்கு அது நடந்தது. இன்றைக்கும் வலிக்கும். நீ இன்றே அவர் வீட்டுக்குப் போ. ஒரு டீ குடி. "அண்ணே, முழு ஆட்டம் வேண்டாம், கடைசி பத்து நிமிஷம் முன்னிலையில் இருக்கும்போது பின்னால் நின்று பசங்களைக் கட்டிக் காக்க நீங்க வேணும்" என்று கேள். செவன்ஸில் அது உண்மையான வேலை, சும்மா சமாதானம் இல்லை. சின்ன மைதானத்தில் வேகத்தைவிட எங்கே நிற்பது என்று தெரிந்தவர்தான் கோலைத் தடுப்பார். அவர் மறுத்தால் அது அவர் முடிவு. ஊர் உன்னைக் குறை சொல்லாது.

அவனியாபுரத்திலிருந்து, எட்டாவது படிக்கும் ஒரு மாணவி: சார், எனக்கு இடது கால்தான் வரும். ஃபார்வர்டு ஆட ஆசை. எங்க ஸ்கூல் டீம்ல பெஞ்சுலதான் வைக்கிறாங்க. என்ன பண்ணா டீம்ல எடுப்பாங்க?

பாப்பா, இடது கால் இருக்கிற பிள்ளையைத் தேடி எல்லா கோச்சும் அலைகிறோம். மேலே அனுப்பானடி அண்ணனுக்கு எழுதினேனே, தாளில் காலியாக இருக்கும் இடம் என்று. அது உன் இடம். நாளைக்கு உங்கள் சாரிடம் போய் "லெஃப்ட் பேக் ஆடட்டுமா" என்று கேள். அங்கிருந்து ஓடி ஏறி கோலும் போடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். தினமும் பயிற்சி முடிந்ததும் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து இடது காலால் இருபது க்ராஸ் போடு. வலது காலாலும் பத்து.