கேரட் கழுவும் டிரம்முக்குச் சிங்கிள் பேஸ் மோட்டார்: பேஸையும் நியூட்ரலையும் மாற்றியும் ஏன் திசை மாறவில்லை?

நீலகிரியின் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் டிரம்மை இருபக்கமும் சுற்றவைக்க ரிவர்சிங் கான்டாக்டர் (திசை மாற்றுவதற்கான, காயிலால் இழுக்கும் இரண்டு சுவிட்ச்) வாங்கி, த்ரீ பேஸுக்குச் செய்வதுபோல உள்ளே வரும் இரண்டு வயரை மாற்றியிருக்கிறீர்கள். மாறாது. மோட்டாரை ஓட்டும் ரன்னிங் சுருள், கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் சுருள் இரண்டும் சேர்ந்தே திரும்பிவிடுவதால் திசை அப்படியேதான் இருக்கும்.

ஸ்டார்ட்டிங் சுருளை மட்டும் திருப்ப வேண்டும். அதற்கு நான்கு முனைகளும் டெர்மினல் பெட்டிக்கு வந்திருக்க வேண்டும். பல மோட்டார்களில் உள்ளேயே முடிச்சுப் போட்டிருப்பார்கள், வைண்டிங் கடைக்காரரிடம் பிரித்து வாங்குங்கள். ரன்னிங்கின் ஒரு முனை நேராக நியூட்ரலுக்கு. மறுமுனைக்கு இரண்டு கான்டாக்டரும் ஒரு போலால் (கான்டாக்டருக்குள் உள்ள தனித்தனி இணைப்புகளில் ஒன்றால்) பேஸ் கொடுக்கட்டும். மீதி இரண்டு போல் ஸ்டார்ட்டிங்குக்கு: முதல் கான்டாக்டரில் பேஸ்-நியூட்ரல், இரண்டாவதில் நியூட்ரல்-பேஸ். கெப்பாசிட்டரும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச்சும் ஸ்டார்ட்டிங்குடன் தொடரிலேயே இருக்கும்.

இரண்டு கான்டாக்டரும் ஒரே நேரத்தில் இழுத்தால் பேஸும் நியூட்ரலும் நேராக மோதும். ஆகவே இரண்டையும் சேர்ந்து இழுக்கவிடாத மெக்கானிக்கல் இன்டர்லாக் இருந்தாலும், ஒன்றின் என்.சி. காண்டாக்ட் (கான்டாக்டர் இழுக்காதபோது மூடியிருக்கும் இணைப்பு) வழியாகவே மற்றதன் காயிலுக்குச் சப்ளை கொடுங்கள்.

அப்புறம், ஓடும்போது ரிவர்ஸ் பட்டனை அழுத்தினால் பழைய திசையிலேயே ஓடும். வேகம் பிடித்ததும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் திறந்து ஸ்டார்ட்டிங் விலகியிருக்கும் அல்லவா? டிரம் நின்ற பிறகே மாற்றுங்கள். ஆள்மேல் நம்பிக்கை இல்லையென்றால் டிரம் நிற்கும்வரை அடுத்த கான்டாக்டரைத் தாமதிக்கும் டைமர் போடுங்கள்.

தண்ணீர் தெறிக்கும் இடம், போதாததற்கு மலை ஈரம். ஓவர்லோட் ரிலே, எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) மூன்றும் கட்டாயம். பெட்டியைத் தொடுமுன் மெயினை அணைத்து, கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.