அம்மாவின் பியானோ 10 லட்சம் பெறுமா?

கேள்வி: குன்னூரில் பள்ளி இசை ஆசிரியையாக இருந்த என் அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் அவருடைய பழைய நிமிர்ந்த பியானோ இருக்கிறது. மூடியில் 'ஜான் பிராட்வுட் அண்ட் சன்ஸ், கிரேட் புல்டனி ஸ்ட்ரீட், லண்டன்' என்றும், 'ஹர் மெஜஸ்டி'க்குப் பியானோ செய்தவர்கள் என்றும் எழுதியிருக்கிறது. முன்பக்கம் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள். கட்டைகள் மொத்தம் 85, வெள்ளைக் கட்டைகள் மஞ்சள் பூத்திருக்கின்றன. உறவினர் ஒருவர் 10 லட்சம் போகும் என்கிறார். பழைய சாமான் வியாபாரி 35,000 தருகிறேன் என்கிறார். பியானோவை நான் வைத்துக்கொண்டால் தன் பங்காக 5 லட்சம் வேண்டும் என்கிறான் தம்பி. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தம்பி மீது தப்பில்லை, யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன தொகையை நம்பிக் கேட்கிறார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அந்த 10 லட்சத்தை எழுதிவிட்டால், இல்லாத பணத்துக்கு நீங்கள் கையிலிருந்து பங்கு கொடுத்தது போலாகிவிடும்.

முதலில் வயது. பாதிக் கணக்கை உங்கள் கடிதமே போட்டுவிட்டது. பிராட்வுட் நிறுவனம் கிரேட் புல்டனி தெருவை விட்டு வெளியேறியது 1904-ல். 'ஹர் மெஜஸ்டி' என்றால் விக்டோரியா மகாராணி, அவர் இறந்தது 1901-ல். ஆக, பியானோவுக்கு 120 வயதுக்கு மேல். மெழுகுவர்த்தித் தாங்கியும், இன்றைய 88-க்குப் பதில் 85 கட்டைகளும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகின்றன. மூடியில் கண்காட்சிப் பதக்கங்கள் அச்சிட்டிருந்தால் கடைசிப் பதக்கத்தின் ஆண்டைப் பாருங்கள், அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது.

இன்னும் துல்லியமாக வேண்டுமானால் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மரத்திலோ இரும்புச் சட்டத்திலோ ஓர் எண் குத்தியிருக்கும். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் டியூனர் வரும்போது இடது ஓரத்து முதல் கட்டையை உருவிக் காட்டச் சொல்லுங்கள். செய்த தொழிலாளி அதன் பக்கவாட்டில் பென்சிலால் பெயரோ தேதியோ எழுதி வைத்திருப்பதுண்டு. பிராட்வுட்டின் பழைய பேரேடுகள் இங்கிலாந்தில் வோக்கிங் நகரத்து சர்ரே வரலாற்று மையத்தில் இருக்கின்றன. அங்கே எழுதிக் கேட்கும்போது இது நிமிர்ந்த வகை என்று மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் படுக்கைவாட்டில் இருக்கும் கிராண்ட் பியானோவுக்கு எண் வரிசையே வேறு.

சரி, விலைக்கு வருவோம். வயலின் பழசாக ஆக விலை ஏறலாம், பியானோ அப்படியில்லை. அதற்குள் இருநூற்றுச் சொச்சம் கம்பிகள் டன் கணக்கில் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை முறுக்கிப் பிடிக்கும் ஆணிகள் மரத்தில் தளர்ந்துவிட்டால் சுருதி நிற்காது. குன்னூர் ஈரத்தில் கம்பி துருப்பிடித்திருக்கலாம், கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளியை அந்துப்பூச்சி தின்றிருக்கலாம், அடியில் கரையானும் ஏறியிருக்கலாம். உள்ளே சுத்தியல்களுக்கு முன்னால் மெல்லிய கம்பிகள் பறவைக் கூண்டு போல வரிசையாகத் தெரிந்தால் அது பழைய ஆங்கிலேய அமைப்பு. அதைப் பழுது பார்க்கப் பல டியூனர்கள் தயங்குவார்கள். எல்லாவற்றையும் சரிசெய்யும் செலவு, விற்கும் விலையைத் தாண்டிவிடும். இங்கிலாந்திலேயே இந்த வயதுப் பியானோக்களை 'வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும்' என்று சும்மா கொடுக்கிறார்கள். அதனால் 35,000 என்று கேட்டவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று எடுத்த எடுப்பில் நினைக்க வேண்டாம்.

ஆனால் அவரிடம் முன்பணம் வாங்கிவிடாதீர்கள். அந்த மஞ்சள் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு வெள்ளைக் கட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புக் கட்டையின் முனைக்கு நேராகக் குறுக்கே மயிரிழை போல ஓர் ஒட்டு தெரிகிறதா? மேற்பரப்பில் மர வரி போல மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா? இரண்டும் இருந்தால் அநேகமாக யானைத் தந்தம். கோடே இல்லாமல் வழவழவென்று ஒரே துண்டாக இருந்தால் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்.

தந்தம் என்றால் நம் நாட்டில் விற்க முடியாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்திய யானைத் தந்தத்தோடு இறக்குமதியான தந்தத்தின் வியாபாரத்தையும் தடுக்கிறது. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ள வழியுண்டு, ஆனால் கைக்கு வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. அம்மா பெயரில் பழைய உரிமைச் சான்றிதழ் எதுவும் இருக்கிறதா என்று பீரோவில் தேடுங்கள், இல்லையென்றால் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டே போங்கள்.

செல்லுலாய்டு என்றால் விற்கத் தடையில்லை. வரிக் கவலையும் வேண்டாம், இந்தியாவில் வாரிசுரிமை வரி கிடையாது. வீட்டில் சொந்த உபயோகத்துக்கு இருந்த இசைக்கருவியை விற்றால் மூலதன ஆதாய வரியும் பொதுவாக வராது. வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம். 100 ஆண்டு தாண்டியதைத் தொல்பொருள் என்று சுங்கத்தில் நிறுத்திவிடலாம், கப்பல் கூலியும் தேறாது.

அடுத்து செய்ய வேண்டியது இதுதான். வாங்க விருப்பமில்லாத ஒரு டியூனரை அழைத்துக் கட்டணம் கொடுத்து, ஆணி, சவுண்ட் போர்டு (ஒலியைப் பெருக்கும் மரப்பலகை), கம்பி, கட்டை எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன, மதிப்பு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அவர் வரும் நாளில் தம்பியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தத் தாளில் வரும் தொகையில் பாதிதான் தம்பியின் பங்கு. தந்தம் என்று தெரிந்தால் விற்பனை மதிப்பே கிடையாது, அப்போது பத்திரத்தில் தொகை எதுவும் போடாமல் 'அம்மாவின் பியானோ மகளுக்கு' என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.