பலகாரத்தைத் தொடாத தம்பி

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. டிப்ளமோ முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறான். ராத்திரி இரண்டு மணி வரை ஏதோ டெலிகிராம் குழுவிலேயே கிடக்கிறான். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா பண்டிகைப் பலகாரம் கொண்டுவந்தார்கள். வேறு மதம்தான், ஆனால் இவனைத் தூக்கி வளர்த்தவர்கள். “அதுல என்ன கலந்திருக்காங்களோ” என்று சொல்லித் தொடவே இல்லை. போனைப் பிடுங்கிவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: பிடுங்காதீர்கள் சகோதரி. நண்பன் போனில் பார்ப்பான். ‘வீட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புரியாது’ என்று குழுவில் ஏற்கனவே சொல்லி வைத்திருப்பார்கள். அதை நீங்களே நிரூபித்தது போலாகிவிடும். நீங்கள் எந்த மதம் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, எதுவானாலும் இதே பதில்தான்.

அந்த ‘என்ன கலந்திருக்காங்களோ’வை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 2018 பிப்ரவரி கடைசியில், இலங்கை அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் ஹோட்டலில் சாப்பிட்ட சிங்களவருக்குத் தட்டில் ஏதோ கட்டி தட்டுப்பட்டது. சிங்களவர்களை மலடாக்கக் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்று கூச்சல். கடைக்காரருக்குத் தாய்மொழி தமிழ், சிங்களம் அரைகுறை. சூழ்ந்துகொண்டு கேட்டவர்களிடம் பயத்தில் எதற்கோ ‘ஆமாம்’ என்றார். அது வீடியோவாகி, ஃபேஸ்புக்கில் வாக்குமூலமாகிவிட்டது. கடையை நொறுக்கினார்கள், பள்ளிவாசலையும் விடவில்லை. பிறகு அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்தால், வெறும் மாவுக் கட்டி! யார் காதில் ஏறியது? அடுத்த வாரமே கண்டி அருகே திகணையில் வேறொரு தகராறைச் சாக்காக வைத்து வீடுகளும் கடைகளும் எரிந்தன. இந்த வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்.

இதைத் தம்பியிடம் சாப்பிடும்போது சும்மா சொல்லிப் பாருங்கள். நம்மூர்க் கதை என்றால் உடனே கட்சி பிரித்துக்கொள்வான். இது தள்ளி நடந்தது, காது கொடுப்பான்.

அப்புறம், அவனுக்கு அந்தக் குழுவில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். வேலையில்லாத பையனை வீட்டில் கூப்பிடுவதே ‘எப்ப வேலைக்குப் போகப் போற?’ என்று கேட்கத்தான். அங்கே அவன் ‘ப்ரோ’. நடுராத்திரி ஒரு ஃபார்வர்டு போட்டால் நாற்பது பேர் கைதட்டுகிறார்கள். அவன் வரவில்லையே என்று யாராவது தேடுகிற ஒரு வேலையை, மாமா கடையோ ரத்ததான முகாமோ, பிடித்துக் கொடுங்கள். பக்தியைக் கிண்டல் செய்யாதீர்கள். உங்கள் மதத்தையே ஆழமாகப் படித்த, அவன் மதிக்கிற பெரியவர் ஒருவர் பேசட்டும். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அட்மினை நேர்ல பாத்திருக்கியா?”

ரகசியமான சின்னக் குழுவுக்கு மாற்றுவது, மெசேஜை அழிக்கச் சொல்வது, பணம் கேட்பது எல்லாம் ஆபத்தின் அடையாளங்கள். குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ தாக்குவது பற்றிப் பேச்சு வந்தால் அன்றைக்கே போலீஸுக்குப் போங்கள். காட்டிக்கொடுக்கிறோமோ என்று தயங்க வேண்டாம். 2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் 250-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்களே, அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் இணையத்தில் தமிழில்தான் பிரசங்கம் செய்தான். அவனைப் பற்றி முன்கூட்டியே புகார் கொடுத்தவர்கள் அவன் ஊரான காத்தான்குடி முஸ்லிம்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

சரி, அந்த அம்மாவின் பாத்திரம் இன்னும் உங்கள் வீட்டில்தானே இருக்கும்? வெறும் பாத்திரமாகத் தராமல் எதையாவது போட்டுத் தம்பியிடம் கொடுத்தனுப்பிப் பாருங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். அவன் பார்க்க நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.