மொழி மாதிரிகளும் மனித மனமும்: கேள்வி பதில்

கேள்வி: சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கும் கணினி நிரலான மொழி மாதிரியின் வேலை, அடுத்த சொல்லை ஊகிப்பதுதான் என்கிறார்கள். மனித மூளை அப்படி இல்லையே சார்?

பதில்: மூளையும் ஊகிக்கிறது. ‘கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக்’ என்று படித்ததும் ‘குடித்தான்’ என்று வந்தால் திடுக்கிடுகிறோம் இல்லையா? அந்தச் சொல்லைப் பார்த்துச் சுமார் 400 மில்லி நொடியில் மூளையின் மின்னலையில் ஒரு மாற்றம் தெரியும். மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980-இல் இதைக் கண்டறிந்தார்கள். ‘என்400’ என்று பெயர். மாதிரியின் கணக்குப்படி ஒரு சொல் எவ்வளவு எதிர்பாராததோ, அந்த அளவுக்கு இந்த அலையும் பெரும்பாலும் பெரிதாகிறது. ஒற்றுமை உண்மையானதுதான். ஆனால் மூளை செய்யும் பல வேலைகளில் ஊகிப்பதும் ஒன்று, அவ்வளவே.

கேள்வி: என் மகளும் கேட்டுக் கேட்டுத்தானே பேசக் கற்றாள். அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: முதலில் அளவு. பதின்மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளை கேட்பது ஏறக்குறைய 10 கோடி சொற்கள்தான். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி படித்ததோ சுமார் 30,000 கோடி டோக்கன், அதாவது சொற்களும் சொல்துண்டுகளும். இன்னொன்று, உங்கள் மகள் ‘சூடு’ என்ற சொல்லை விரலோடு சேர்த்துக் கற்றாள். எழுத்தை மட்டும் படித்த மாதிரிக்கு அந்த விரல் இல்லை.

கேள்வி: சிந்திக்காமல் இவ்வளவு கோர்வையாக எப்படிப் பேச முடியும்?

பதில்: என்னை அதிகம் யோசிக்க வைக்கும் கேள்வி இது. நன்றாகப் பேசுபவர் நன்றாகச் சிந்திப்பவர் என்று நாம் பழகிவிட்டோம். மருத்துவம் வேறு கதை சொல்கிறது. பக்கவாதத்தால் மொழியை ஏறத்தாழ முழுக்க இழந்த சிலர் கணக்குப் போடுகிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள். எவெலினா ஃபெடோரென்கோ போன்றோரின் ஸ்கேன் ஆய்வுகளிலும், கணக்குப் போடும்போது மூளையின் மொழிப் பகுதிகள் பெரிதாக இயங்குவதில்லை. மொழி போனாலும் சிந்தனை நிற்கிறது என்றால், சிந்தனை குறைவாக இருந்தும் மொழி சரளமாக வரலாம் அல்லவா?

அதற்காக மாதிரிக்குள் சிந்தனை போன்ற எதுவுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். படிப்படியாக எழுதச் சொன்னால் பல கணக்குகளில் அதன் விடை மேம்படுகிறது. ஆனால் அது எழுதிக் காட்டும் காரணமும் உள்ளே நடந்த கணக்கும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நாமும் அப்படித்தான். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை துண்டிக்கப்பட்டவர்களை மைக்கேல் கஸானிகா ஆராய்ந்தார். வலப்பாதி செய்த செயலுக்கு, அதை அறியாத இடப்பாதி உடனே ஒரு காரணத்தைச் சொன்னது.

கேள்வி: அப்போ மாதிரி கூசாமல் பொய் சொல்கிறதே?

பதில்: உண்மை தெரிந்து மறைத்தால்தான் பொய். பெரும்பாலும் இங்கே நடப்பது இடைவெளியை இட்டு நிரப்புவது. நினைவாற்றலைக் கெடுக்கும் கோர்சகோஃப் நோய் வந்தவர்களும் நினைவில் இல்லாததை நம்பிக்கையோடு சொல்வார்கள், ஏமாற்றும் எண்ணம் துளியும் இருக்காது.

கேள்வி: நேற்று பேசியது அதற்கு நினைவிருக்குமா?

பதில்: சேமித்துவைத்த குறிப்பை மறுபடி கொடுத்தால் தெரியும். பொதுவாக, உரையாடலின்போது மாதிரி கற்றதைத் தாங்கியிருக்கும் உள் எண்கள் மாறுவதில்லை. மனிதரில் இதற்கு நெருக்கமானவர் ஹென்றி மொலைசன் என்ற நோயாளி. 1953-இல் நடந்த மூளை அறுவைக்குப் பின் அவர் புதியவற்றைச் சில நிமிடங்களில் மறந்தார். ஆனாலும் கண்ணாடியைப் பார்த்து வரையும் பயிற்சியில், முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாமல், நாளுக்கு நாள் தேறினார். மாதிரிக்கு அந்தத் தேர்ச்சிகூட மிஞ்சுவதில்லை.