ஒரு ஆர்குமென்ட்தான் கொடுத்தேன், இரண்டு கொடுத்ததாக பைத்தான் ஏன் சொல்கிறது?

நீங்கள் எண்ணியது சரிதான். விளையாட்டில் ப்ளேயரை நகர்த்த நீங்கள் எழுதிய மூவ் மெத்தடை (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்) அழைக்கும் வரியில், ஆர்குமென்டாக, அதாவது அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் மதிப்பாக, 5 மட்டும்தான் இருக்கிறது. ஆனால் 'மூவ் 1 ஆர்குமென்ட்தான் எடுக்கும், 2 கொடுக்கப்பட்டுள்ளது' என்று பிழை வருகிறது. கூடுதலாக இருக்கும் அந்த ஆர்குமென்டை அனுப்புவது பைத்தான்.

ப்ளேயர் ஆப்ஜெக்டுக்குப் பின்னால் புள்ளி வைத்து மூவை அழைத்தால், அந்த ஆப்ஜெக்டையே முதல் ஆர்குமென்டாக பைத்தான் சேர்த்துவிடும். அதை வாங்கிக்கொள்ளத்தான் மெத்தடின் அடைப்புக்குறிக்குள் முதலில் செல்ஃப் என்று ஒரு பெயர் எழுதுகிறோம். உங்கள் மூவ் மெத்தடில் தூரத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது, செல்ஃப் இல்லை. அடைப்புக்குறிக்குள் முதலில் செல்ஃப், ஒரு காற்புள்ளி, அப்புறம் தூரம் என்று மாற்றுங்கள், ஓடும். நானும் ஆரம்பத்தில் இதே பிழைக்காக அழைக்கும் வரியை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலை முழுவதும் போக்கியிருக்கிறேன். கோளாறு இருந்தது மெத்தடை வரையறுத்த வரியில்.

இதற்கு நேரெதிரான பிழையும் சீக்கிரமே வரும்: 'ஒரு ஆர்குமென்ட் குறைகிறது'. அப்போது ஆப்ஜெக்ட் உருவாக்கும் வரியைப் பாருங்கள். கிளாஸ் (ஆப்ஜெக்டை உருவாக்கும் அச்சு) பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட மறந்திருந்தால் உங்கள் கையில் இருப்பது ஆப்ஜெக்ட் இல்லை, கிளாஸேதான். நீங்கள் கொடுத்த 5 செல்ஃபின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், தூரம் காலியாக நிற்கும்.

பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் பைகேமில், படத்தைத் திரையில் வரையும் பிளிட்டையும் கவனியுங்கள். படம், 100, 200 என்று மூன்றாகக் கொடுத்தால் பிழைதான். எக்ஸ், ஒய் இரண்டையும் இன்னொரு அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரே ஆர்குமென்டாகக் கொடுக்க வேண்டும்.

என்னை அதிகம் குழப்பியது ஸ்ப்ரைட் குரூப், அதாவது ப்ளேயர், எதிரி போன்ற உருவங்களை (ஸ்ப்ரைட்) ஒன்றாக வைத்திருக்கும் தொகுப்பு. குரூப்பின் அப்டேட் மெத்தடுக்கு நீங்கள் கொடுப்பதை அது தன்னிடம் உள்ள ஒவ்வொரு ஸ்ப்ரைட்டின் அப்டேட்டுக்கும் அப்படியே அனுப்பும். ப்ளேயருக்காக நேர இடைவெளியை அனுப்புகிறீர்கள், ஆனால் அதே குரூப்பில் இருக்கும் எதிரியின் அப்டேட்டில் செல்ஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால் விளையாட்டு நின்றுவிடும். பிழைச் செய்தியில் கடைசியாகக் காட்டப்படும் கோப்பு பைகேமின் சொந்தக் கோப்பாக இருப்பதால் பைகேமே கெட்டுவிட்டது போலத் தோன்றும். அந்தக் கோப்பைத் தொடாதீர்கள். எதிரியின் அப்டேட்டிலும் அந்த ஆர்குமென்டைச் சேருங்கள், அதற்குத் தேவைப்படாவிட்டாலும்.