மூன்றரை வட்டிக் கடன்: வாசகர் கேள்வி, நம் பதில்

சென்ற ஜூனில் கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் எடுத்தேன். மினிமம் தொகையைத் தேதி தவறாமல் கட்டுகிறேன். பாக்கி இறங்கவே மாட்டேன் என்கிறது. வங்கி ஏமாற்றுகிறதா?
– தண்டையார்பேட்டை வாசகர்

ஏமாற்றவில்லை, அதுதான் எரிச்சல். எல்லாம் பொடி எழுத்தில் எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

கார்டில் 'மாதம் 3.5 சதவீதம்' என்று போட்டிருக்கும். நம் பேச்சில் சொன்னால் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி. சேட்டுக் கடையில் நகையை வைக்கப் போய், மூன்றரை வட்டி என்று சொன்னால் நகையை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து வந்துவிடுவோம். கார்டில் மட்டும் பேசாமல் இருக்கிறோம். வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. அப்படியானால் நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஜூன் 20 அன்று வாங்கினீர்கள், பில் ஜூலை 15, கடைசித் தேதி ஆகஸ்ட் 4 என்று வைத்துக்கொள்வோம். முதல் பில்லில் வட்டி இல்லை. மினிமம் 5 சதவீதம், அதாவது 2,000. அதை ஆகஸ்ட் 4 அன்று கட்டிவிட்டீர்கள். மீதி 38,000க்கு ஆகஸ்ட் 4-லிருந்துதானே வட்டி ஓடும் என்று நினைப்பீர்கள். இல்லை. முழுத் தொகையைக் கட்டாததால் வட்டியில்லாக் காலம் ரத்து. வாங்கிய ஜூன் 20-லிருந்தே வட்டி. ஆகஸ்ட் 15 பில் வரை 56 நாள். வங்கிக்கு வங்கி கணக்கு கொஞ்சம் மாறும். குறைவாக வரும் கணக்கையே போடுகிறேன். அந்த 38,000க்கு வட்டி 2,449, ஜிஎஸ்டி 441. அடுத்த பில் 40,890. இரண்டாயிரம் கட்டினீர்கள், கடன் 890 ரூபாய் ஏறியிருக்கிறது.

அதற்குப் பிறகு வரும் மினிமத்தில் பெரும்பகுதியை வட்டியும் வரியும் தின்றுவிடும். மினிமம் கட்டினால் கிடைப்பது இரண்டே இரண்டு: தாமதக் கட்டணம் வராது, சிபிலில், அதாவது நம் கடன் வரலாற்றுப் பதிவில், 'கட்டவில்லை' என்று ஏறாது. கடன் அடைவது அதன் வேலையே இல்லை.

மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்டில் அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அச்சிடுகிறார்கள். எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் என்று தேடிப் பாருங்கள். செல்போனுக்கு வரும் மெசேஜில் மினிமம் தொகை பளிச்சென்று இருக்கும். ஆட்டோ டெபிட் படிவத்தில் 'முழுத் தொகை', 'மினிமம் தொகை' என்று இரண்டு கட்டம் உண்டு; விற்க வந்த பையன் எதில் டிக் போட்டான் என்று எத்தனை பேர் பார்த்தோம்? இன்றைக்கே ஆப்பைத் திறந்து பாருங்கள். மினிமம் என்று இருந்தால் மாற்றுங்கள்.

இனி செய்ய வேண்டியது. அந்தக் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். பாக்கி இருக்கும்வரை 300 ரூபாய் மருந்து வாங்கினாலும் அன்றிலிருந்தே வட்டி. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்துக் கார்டை மொத்தமாக அடையுங்கள். வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வட்டிக்குள் முடிந்துவிடும். நகை இல்லையென்றால் பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். அதன் வட்டி வழக்கமாக மூன்றரையில் பாதிகூட வராது. முழுதும் அடைத்த பிறகும் அடுத்த பில்லில் சில நூறு ரூபாய் வட்டி வரும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்டது அது. அதையும் கட்டினால்தான் கணக்கு தீரும்.

30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருக்கிறதாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.
– திருவொற்றியூர் வாசகர்

இருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அதை ரத்து செய்துவிட்டது. அந்த மெசேஜை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

படகுக்கு டீசல், ஐஸ் போட அவசரமாகக் கார்டை வைத்து ஏடிஎம்மில் 20,000 எடுத்தேன். 50 நாள் வட்டி இல்லை என்றுதான் கார்டு கொடுத்தார்கள். பில்லில் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது.
– காசிமேடு வாசகர்

அந்த 50 நாள் பொருள் வாங்கினால் மட்டும். ரொக்கம் எடுத்தால் எடுத்த நிமிடமே வட்டி. எடுப்பதற்கென்று தனிக் கட்டணம் 2.5 சதவீதம், அதாவது 500, வரியோடு 590. இருபத்தைந்து நாள் வைத்திருந்தால் வட்டியும் வரியும் 679. ஆக 1,269. தண்டல்காரர் பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார். இவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு பிடிக்கிறார்கள். கடைசித் தேதி வரை காத்திருக்காமல் இன்றே கட்டுங்கள், நாள் கணக்கில் வட்டி நிற்கும்.

கார்டுதான் வேண்டுமென்றால் கிசான் கிரெடிட் கார்டைக் கேளுங்கள். பெயர்தான் விவசாயிக்கு; 2018-19 முதல் மீன்பிடித் தொழிலுக்கும் உண்டு. வருடத்துக்கு 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4. உங்கள் மூன்றரை ஒரு மாதத்துக்கு, இந்த 4 ஒரு வருடத்துக்கு.

பில் கட்ட இரண்டு நாள் தாமதம். அபராதம் வருமா?
– கொருக்குப்பேட்டை வாசகி

மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம். வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

'நோ காஸ்ட்' தவணையில் 30,000 ரூபாய் போன், ஆறு மாதம், மாதம் 5,000. பில்லில் அதற்கு மேல் எடுக்கிறார்கள்.
– பெரம்பூர் வாசகர்

வட்டி இல்லாத கடன் எந்த வங்கியிலும் கிடையாது. 16 சதவீதம் என்று வைத்தால் உங்கள் தவணைக்குள் சுமார் 1,352 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. கடைக்காரர் விலையில் அதைத் தள்ளுபடியாகக் கொடுத்திருப்பார். ஆனால் வட்டிக்கான ஜிஎஸ்டி 243 ரூபாயை யாரும் தள்ள மாட்டார்கள். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. மொத்தம் 478. போனைத் திருப்பிக் கொடுத்தாலும் பெரும்பாலும் அந்த 235 திரும்பி வராது. அடுத்த முறை "மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று முதலில் கேளுங்கள். என் வீட்டில் இப்படி வந்த தண்ணீர் சுத்திகரிப்பான் தவணை முடிவதற்குள் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

ஐந்து கார்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் பணம் சுழற்றி இன்னொன்றைக் கட்டுகிறேன். ஆறாவதாக எந்த வங்கி நல்லது?
– மாதவரம் வாசகர்

எந்த வங்கியும் இல்லை. ஐந்து பாக்கியையும் வட்டியோடு ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டிய பிறகு எழுதுங்கள், பதில் தருகிறேன்.

அப்பாவுக்கு வேலை போய்விட்டது. ஆறு மாதமாகக் கார்டு பாக்கி கட்ட முடியவில்லை. இரவு ஒன்பதரைக்குப் போன் செய்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கும் அக்காவின் ஆபீசுக்கும் போன் போகிறது. அம்மா வெளியே வரவே கூச்சப்படுகிறார்.
– வியாசர்பாடி வாசகர்

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள்: கடன் பாக்கி குற்றமல்ல, இவர்கள் செய்வதுதான் விதிமீறல். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. ஏஜென்சி செய்தாலும் பொறுப்பு வங்கிக்குத்தான்.

வந்த அழைப்புகளின் தேதி, நேரம், எண்ணை நோட்டில் எழுதுங்கள்; ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448. மிரட்டினால் காவல் நிலையம்.

கடன் இருக்கத்தான் செய்கிறது. 'பாதி கட்டினால் முடித்துவிடலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். தொகையும் தேதியும் போட்டு வங்கியிலிருந்தே கடிதம் வர வேண்டும். ஏஜென்டின் ஜிபேவுக்கு ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது, கார்டு கணக்கில்தான் கட்ட வேண்டும். கட்டியதும் 'நோ டியூஸ்' கடிதம் வாங்குங்கள். இப்படி முடித்தால் சிபிலில் 'செட்டில்டு' என்று நிற்கும், அப்பா பெயரில் அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். இப்போதைய நிலையில் அது பெரிய நஷ்டமாக எனக்குத் தோன்றவில்லை.

லிமிட் கூட்டுகிறோம் என்று போன். ஓடிபி சொல்லிவிட்டேன். 46,000 போய்விட்டது.
– கொளத்தூர் வாசகி

அம்மா, முதலில் கார்டை பிளாக் செய்யுங்கள், பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். இதைப் படிக்கும்போதே செய்யுங்கள். பணம் அடுத்த கைக்குப் போகுமுன் பிடிக்க வாய்ப்பு உண்டு. ஓடிபி சொன்னதால் புகார் சொல்லும் நேரம் வரையான இழப்பு உங்கள் தலையில்தான் விழும்; சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் அவசரம். மறுக்கும் தொகையை வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். நீங்களே செலவு செய்ததைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள்.

எம்.சி. ரோட்டில் 18,000க்குப் புடவை. கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல் என்கிறார்கள்.
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

360 ரூபாய். உங்கள் ரிவார்டு பாயின்ட் அதில் பாதிக்குக்கூடத் தேறாது. யுபிஐயில் கொடுங்கள்.

கார்டை மூடச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அழைத்தால் 'வேறு ஆஃபர் தருகிறோம்' என்கிறார்கள்.
– ராயபுரம் வாசகர்

பாக்கி பைசா சுத்தமாகப் பூஜ்யமா என்று பாருங்கள். 2 ரூபாய் நின்றாலும் அதைச் சாக்காக வைப்பார்கள். போனில் கேட்டதை மெயிலிலும் கேளுங்கள். பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதி சொல்கிறது. இருபது நாள் தாமதம் என்றால் 10,000. தானாகத் தர மாட்டார்கள். புகார் எண், தேதி, தொகை மூன்றையும் எழுதிக் கேளுங்கள்.